வாங்கி வந்த குரல்

விசைத்தறிச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் சரியாகக் காதில் விழாத வேலாங்காட்டுப்புதூருக்கு, உலகமெல்லாம் சுற்றிவிட்டு அந்த விஷக்காய்ச்சல் வந்து சேர்ந்தபோது, மற்ற ஊர்களில் செய்ததையெல்லாம் அது இங்கேயும் செய்தது. காலையில் நன்றாக இருந்தவனை மதியத்துக்குள் பாயில் போட்டது, எலும்புக்குள் உலக்கை விட்டு இடித்தது, தொண்டையைக் காயவைத்தது, வறட்டு இருமலைக் கொடுத்து நெஞ்சைப் புண்ணாக்கியது. அதோடு மற்ற எந்த ஊரிலும் செய்யாத ஒன்றையும் சேர்த்துச் செய்தது. காய்ச்சல் கண்டவர், அந்தக் காய்ச்சலை யாரிடமிருந்து வாங்கி வந்தாரோ அவருடைய குரலில் பேசினார்.

முதலில் படுத்தது டீக்கடை பொன்னய்யன். கஷாயம் வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தபோது, கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் பிடிக்கும் அறிவிப்பாளர் மணிவாசகத்தின் கணீர்க் குரல் கட்டிலிலிருந்து கிளம்பி மூன்று வீடு தாண்டிக் கேட்டது. பொன்னய்யனின் மனைவி பயப்படவில்லை. "ஏனுங்க, மணிவாசகத்துக்கு நேத்து நம்ம கடையில டீ ஆத்திக் குடுத்தீங்களே, அப்பத் தும்மினாரா?" என்று கேட்டாள். "தும்மினாரு, மூஞ்சிக்கு நேரா" என்று மணிவாசகத்தின் குரலில் பொன்னய்யன் சொன்னார். அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மழை வந்தால் குடை எடுப்பது போல ஊர் அதை எடுத்துக்கொண்டது.

வார்த்தை நோயாளியுடையது, குரல் மட்டும்தான் அடுத்தவருடையது. காய்ச்சல் இறங்கினால் குரலும் இறங்கிவிடும். செல்போனில் பதிவு செய்து கேட்டால் வெறும் இருமல்தான் கேட்கும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டர் ஜெஸ்லின், இது ஏன் இப்படி என்று யோசிப்பதற்கெல்லாம் நேரம் இல்லாதவர். மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டுச் சளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வந்துசேர நாளாகிறது, அதற்குள் நோய் இன்னும் நாலு பேரிடம் போய்விடுகிறது, ஆனால் குரலோ கேட்டவுடனே பதில் சொல்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, "எப்போ ஆரம்பிச்சது, மூச்சு வாங்குதா, சுகர் இருக்கா, யார் குரல் வருது?" என்று நான்கையும் ஒரே மூச்சில் கேட்கப் பழகிக்கொண்டார். யார் குரல் வருகிறதோ அவர் வீட்டுக்கு நர்ஸ் போவார். காய்ச்சல் மாத்திரையை முதல் இரண்டு நாளைக்குள் விழுங்க ஆரம்பித்தால் நோய் பாதி வழியிலேயே களைத்துப்போகும் என்று டாக்டர் எல்லோரிடமும் சொன்னார். உதடு நீலம் பாரித்தால், பேச்சு குழறினால், மூச்சு இழுத்தால் ஒரு நிமிஷம் கூட வீட்டில் வைக்காதீர்கள் என்றும் சொன்னார்.

ஊருக்கு மருந்தைவிடக் குரல்தான் பெரிய விஷயமாக இருந்தது. பொதுச் சுவர் வழக்கில் கோர்ட்டு வரை போய் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பி இருவரில், தம்பி படுத்தபோது அண்ணன் குரல் வந்தது. இருவரும் பெண்டாட்டிகளுக்குத் தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துப் போண்டா தின்றுகொண்டிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் சுந்தராம்பாள் டீச்சரின் குரலில் தங்கள் அப்பன்மாரை அதட்டினார்கள், அப்பன்மாரும் தங்களை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ரேஷன் கடை எடையாளர் ஆறுமுகநயினார், தனிக்கட்டை, தான் படுத்து எழுந்த பிறகும் ஊரில் யார் வாயிலும் தன் குரல் கேட்கவில்லை என்று தெருத்தெருவாகப் போய் விசாரித்துவிட்டு, "எனக்குப் பக்கத்துல ஒருத்தரும் வரவே இல்லையாடா?" என்று சாவடியில் உட்கார்ந்து அழுதார்.

முகக்கவசம் போடச் சொல்லி அரசாங்கம் தண்டோரா போட்டபோது போடாத ஊர், தன் குரல் யார் வாயிலாவது போய் உட்கார்ந்து, வீட்டில் அதற்குக் கணக்குக் கேட்பார்களோ என்ற பயத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டது. சட்டத்தால் ஆகாததைப் பொறாமை செய்துவிட்டது என்று டாக்டர் ஜெஸ்லின் நர்ஸிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தது கலாமணிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அது தன்னைப் பற்றித்தான் என்று நினைத்திருப்பாள்.

கலாமணி, வடக்குத் தெருவில் எட்டுத் தறி ஓட்டும் நஞ்சுண்டனின் மனைவி. பொறாமை அவளுக்கு மூக்குத்தி போல, கழற்றினால் முகமே வேறாகிவிடும். கல்யாணத்தில் புருஷன் கையில் முதல் வெற்றிலையைக் கொடுத்த அத்தை மகள் மீது, பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி அவன் தோளில் தலை சாய்த்த யாரோ ஒரு பொம்பளை மீது, அவன் கழுத்தைத் தடவிக்கொடுத்த கன்றுக்குட்டி மீது, எல்லோர் மீதும் அவளுக்குப் பொறாமை இருந்தது. ஆனால் அதெல்லாம் சில்லறைப் பொறாமை. அவள் நெஞ்சில் அடுப்பு மூட்டி எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது தமயந்தி மீதுதான்.

தமயந்தி புருஷனை விட்டு வந்தவள். கீழத்தெருவில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, தறிக்காரர்களுக்கு நூலைக் குச்சிகளில் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். அழகி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குரல் இருந்தது. வார்த்தையின் நடுவில் லேசாகப் பிசிறு தட்டி, முடியும் இடத்தில் சிரிப்பு தொடங்கப்போவது போல மேலே ஏறி நிற்கும் குரல், தறிச் சத்தத்துக்கு நடுவிலும் பிரிந்து தனியாகக் கேட்கும். சுற்றிய நூலை வாங்க நஞ்சுண்டன் அவள் வீட்டுக்குப் போவான். போனவன் திரும்பி வர நேரமாகும். ஏன் நேரமாச்சு என்று கலாமணி கேட்பாள். தறிச் சத்தத்தில் கேட்காதது போல அவன் போய்விடுவான்.

நஞ்சுண்டனுக்குக் காய்ச்சல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தவன் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் சாய்ந்தான். கலாமணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சுட்டது. பக்கத்துத் தெருவுக்கு ஓடி டாக்டரம்மாவைக் கூப்பிடலாம் என்று அவள் செருப்பில் கால் நுழைத்தபோது, பின்னாலிருந்து அந்தக் குரல் கூப்பிட்டது.

"கலா, கொஞ்சம் தண்ணி குடு."

வார்த்தை நடுவில் பிசிறு தட்டியது. முடியும் இடத்தில் மேலே ஏறி நின்றது.

கலாமணி செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். தண்ணீர் மொண்டு கொண்டுவந்து, அவன் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு நின்றாள். அவன் தவழ்ந்து போய் எடுத்துக் குடித்தான். "கலா" என்றான் மறுபடியும். தன் பெயரை அந்தக் குரல் கூப்பிடுவதைக் கேட்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வாய மூடுங்க. மூடிட்டுப் படுங்க" என்றாள்.

டாக்டரைக் கூப்பிட்டால் டாக்டர் கேட்பார். நர்ஸ் கேட்பார். கேட்டது அன்றைக்கே டீக்கடைக்குப் போகும். நாளைக்குக் குழாயடியில் தன்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கும். கலாமணி புருஷனைக் கைத்தாங்கலாகத் தறிக்கூடத்துக்குள் கொண்டுபோய்ப் பாய் விரித்துப் படுக்கவைத்து, எட்டுத் தறியையும் ஓட்டிவிட்டாள். நோய்க்குப் பயந்து ஊரே தறியை நிறுத்தி அடங்கிக் கிடக்க, அந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் தடதடவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. "புருஷனும் பொண்டாட்டியும் இப்பவும் உழைக்கிறாங்க பாரு" என்று எதிர்வீட்டுக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள்.

அடுத்த நாளும் தறி ஓடியது. அதற்கடுத்த நாளும் ஓடியது. காய்ச்சல் மாத்திரைக்கு இருந்த நல்ல நேரம் தறி அடியில் அரைபட்டுப் போனது. கலாமணி கஞ்சி ஊட்டினாள், நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள், மூடிய முகக்கவசத்தோடுதான் கிட்டே போனாள், அவன் ஏதோ சொல்ல வாயசைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஊட்டும் கை அவளுடையது, கூப்பிடும் வாயோ அவளுடையதல்ல என்பது அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அதற்கு மேல் பொறுக்காமல், வெள்ளிக்கிழமை காலை அவள் கீழத்தெருவுக்குப் போனாள். போகிற வேகத்தில் முகக்கவசத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கதவைத் திறந்த தமயந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். கண் சிவந்திருந்தது, காய்ச்சல் இன்னும் ஏறாததால் குரல் மட்டும் அவளுடையதாகவே இருந்தது.

"ஏண்டி, எம்புருஷன் இங்க வந்து என்னடி பண்ணுனாரு?"

"நூல் வாங்க வருவாருங்க்கா."

"நூல் வாங்கற தூரத்துல நின்னா கொரல் வருமாடி?" கலாமணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூக்கும் மூக்கும் இடிக்கும் தூரம். "அவரு வாயத் தொறந்தா நீதாண்டி பேசற! சொல்லு!"

தமயந்திக்கு முகம் வெளுத்தது. "அவருக்குக் காய்ச்சலா? டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"அதக் கேக்க நீ யாருடி?"

"அக்கா, அவரு வருவாரு, அந்த முக்காலியில உக்காருவாரு. நான் நூல் சுத்தற மெஷின நிறுத்திருவேன். அவ்வளவுதானுங்க."

"எதுக்கு நிறுத்துற?"

"சத்தமில்லாம செத்த நேரம் இருக்கணும்னு கேட்டாருங்க. சில நாள் எதாச்சும் பேசுவாரு. பல நாள் ஒண்ணும் பேசமாட்டாரு." இருமல் வந்து தமயந்தியை வளைத்தது. நிமிர்ந்தபோது அவளுக்கும் கோபம் வந்திருந்தது. "என்னையத் திட்டறதுன்னா அப்பறமா வந்து திட்டுங்க. போய் அவர டாக்டர்கிட்டக் காட்டுங்க மொதல்ல."

கலாமணி கத்தினாள், தமயந்தியும் கத்தினாள், இருவர் எச்சிலும் இருவர் முகத்திலும் தெறித்தது. கடைசியில் கலாமணிதான் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அவளை அறுத்தது ஒன்றே ஒன்று. அவர்கள் தொட்டிருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது. தன்னிடம் ஒருநாளும் கேட்காத ஒன்றை அவளிடம் போய்க் கேட்டிருக்கிறான், அவளும் கொடுத்திருக்கிறாள். பெரிய சீர்வரிசை இல்லை. சுவிட்சைத் தட்டினால் கிடைக்கிற ஒன்று.

வீட்டுக்கு வந்து, அந்த ஆத்திரத்திலேயே, எட்டுத் தறியையும் நிறுத்தினாள்.

அப்போதுதான் அவளுக்கு அது கேட்டது. பாயில் கிடந்தவன் மூச்சு, ஓடிவந்த நாயின் மூச்சு போலக் குறுகிக் குறுகி இழுத்தது, ஒவ்வொரு இழுப்பின் அடியிலும் சளி கொதித்தது. உதட்டைப் பார்த்தாள், நாவல்பழம் தின்றவன் உதடு போல இருந்தது. எத்தனை நேரமாக இப்படி இழுக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தறி ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா!"

நஞ்சுண்டன் கண்ணைத் திறந்தான். "கலா, முடியல" என்றான். தமயந்தியின் குரல்தான். ஆனால் அதில் சிரிப்பு ஏறவில்லை, பாதியிலேயே கீழே விழுந்தது.

கலாமணி செருப்பில்லாமல் ஓடினாள்.

டாக்டர் ஜெஸ்லின் அவன் விரலில் கருவியை மாட்டி எண்ணைப் பார்த்தார், முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார், ஆக்சிஜன் முகமூடியைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். பிறகுதான் நிமிர்ந்தார். "எப்போ ஆரம்பிச்சது?"

"செவ்வாக்கெழம."

"தெருவுக்குத் தெரு நர்ஸ் போனாங்களே. ஏன் சொல்லல?"

கலாமணி நின்றுபோன தறிகளைப் பார்த்தாள்.

"மாத்திரைக்கு நாள் தவறிப்போச்சு. ஆனா மோசமா இருக்கவங்களுக்கு இப்பவும் குடுக்கலாம், குடுக்கணும். நுரையீரல்ல சளி எறங்கியிருக்கு. பொழைப்பாரான்னு இப்பக் கேக்காதீங்க." பையை மூடிக்கொண்டே, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார். "யார் குரல் வந்துச்சு?"

வாசலில் அதற்குள் தெரு கூடியிருந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது நஞ்சுண்டன் முகமூடிக்குள்ளிருந்து ஏதோ முனகினான். கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தது.

கலாமணி திரும்பி நின்றாள். அவள் அதுவரை பேசியதிலேயே சத்தமாகப் பேசினாள். "தமயந்தி கொரலு. நல்லாக் கேட்டுக்கங்க. எம்புருஷன் வாயில கீழத்தெரு தமயந்தி கொரலுதான் வருது. இப்ப வழிய விடுங்க, அவருக்கு மூச்சு வரல."

கூட்டம் விலகியது. பல மாதங்களுக்குப் பேச வேண்டியதை ஒரே வாயில் கொடுத்துவிட்டதால், அதன் பிறகு ஊருக்கு அதில் பேச ஒன்றும் மிஞ்சவில்லை.

தாலுகா ஆஸ்பத்திரியில் நஞ்சுண்டன் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, கலாமணிக்குக் குளிர் எடுத்தது. முதுகெலும்பில் வலி ஏறியது. அவளுக்குப் பயத்துக்குப் பதிலாகச் சந்தோஷம் வந்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள். அவனுக்கு வாய் துடைத்தது அவள், அவன் மாத்திரை கக்கியதைக் கையில் ஏந்தியது அவள். இனி தான் வாயைத் திறந்தால் வருவது அவன் குரலாகத்தான் இருக்கும், அவன் மூச்சு வந்து சேர்ந்தது தன்னிடம்தான் என்று ஊர் உலகத்துக்கு நிரூபணமாகும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, வார்டில் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்துக் காத்திருந்து, நர்ஸ் வந்து "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டபோது வாயைத் திறந்தாள்.

"ஒடம்பெல்லாம் வலிக்குதுங்க" என்றது தமயந்தியின் குரல்.

நஞ்சுண்டன் வாயிலும் இதே குரலைக் கேட்டிருந்த பக்கத்துக் கட்டில் கிழவர் முதலில் சிரித்தார். பிறகு வார்டே சிரித்தது. கலாமணி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தக் காய்ச்சல் முடியும்வரை அந்த வார்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட டாக்டர் ஜெஸ்லின், ரவுண்டுக்கு வந்தபோது சிரிக்கவில்லை. "சண்டைக்குப் போனீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். "கிட்ட நின்னு கத்தினா போதும். இருமலுக்கு ஆசையும் தெரியாது, ஆத்திரமும் தெரியாது. தூரம் மட்டும்தான் தெரியும்." அன்றே அவளுக்கு மாத்திரை ஆரம்பித்தார், நஞ்சுண்டனுக்குப் பக்கத்துக் கட்டிலைக் கொடுத்தார்.

நஞ்சுண்டன் தேறத் தொடங்கிய மதியம் ஒன்றில், காய்ச்சல் இன்னும் முழுதாக இறங்காத இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி படுத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர்களுக்கு, ஒரே ஒரு பெண் தனக்குத்தானே பேசிக்கொள்வது போல இருந்தது.

"சத்தம் வேண்டாம்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னேன் கலா. தறிச் சத்தத்துல உனக்குக் கேக்கல."

"இன்னொருக்கா சொல்றது."

"இன்னொருக்காவும் சொன்னேன்."

கலாமணி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"அவளப் புடிச்சிருந்துச்சா?"

"அந்த அமைதி புடிச்சிருந்துச்சு." மூச்சு வாங்கியது. "அவளையும் புடிச்சிருந்துச்சு. ரெண்டையும் தனித்தனியாப் பிரிக்க எனக்குத் தெரியல கலா. கைய நீட்டல. அது மட்டும் சத்தியம்."

கலாமணி அழுதாள். அந்த அழுகையும் தமயந்தியின் குரலில்தான் வந்தது. சிரிப்பு ஏறும் இடத்தில் விம்மல் ஏறியது. இந்தக் குரலுக்கு அழவும் தெரியும் என்று அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. நஞ்சுண்டன் கட்டிலுக்கு நடுவே கையை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, "அழுகாத, அழுகாத" என்று மெதுவாகச் சொன்னான். இத்தனை வருஷத்தில் அவன் அவ்வளவு மெதுவாக அவளிடம் பேசியதே இல்லை.

காய்ச்சல் இறங்கியது. குரல்கள் போய்விட்டன. தன் பழைய குரல் திரும்பிய அன்று கலாமணி அவனிடம் கேட்டாள். "அன்னிக்கு அழுகாதன்னு சொன்னீங்களே. எங்கிட்டச் சொன்னீங்களா, அந்தக் கொரலுகிட்டச் சொன்னீங்களா?"

நஞ்சுண்டன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "கைய உன்கிட்டத்தான் நீட்டுனேன்" என்றான்.

அவளுக்கு அது போதவில்லை. காய்ச்சலில் கிடந்த அந்த நாலு நாள் கலாமணி மீது அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவள் கையைத்தானே அவன் பிடித்துக்கொண்டிருந்தான். இருந்தும், ஊருக்குத் திரும்பியதும் முதல் காரியமாக அவள் கீழத்தெருவுக்குப் போனாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "உங்க ரெண்டு பேர் வாயிலயும் தமயந்தி குரலக் கேட்டுத்தான் அவங்க வீட்டுக்கு மாத்திரை குடுத்தனுப்பினேன். இல்லன்னா அந்த அறைக்குள்ள ஒருத்தி கிடக்கறதே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

கதவு சும்மா சாத்தியிருந்தது. தமயந்தி பாயில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆள் பாதியாகியிருந்தாள். எழ முயன்றவளைக் கலாமணி கையைக் காட்டி உட்காரவைத்துவிட்டு, அந்த முக்காலியைப் பார்த்தாள். அதில் போய்க் கனமாக உட்கார்ந்தாள். முகக்கவசத்தை இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

"உனக்கு யாரு கொரலு வந்துச்சு?"

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியலீங்க."

"தெரியாம எப்படி? என்னையப் பாத்து பேசு."

"நர்ஸம்மா மாத்திரைய வாசல்ல வெச்சுட்டுப் போயிருவாங்க. உள்ள ஆரும் வரல. காய்ச்சல் ஏறுனதுக்கு அப்பறம் நான் பேசவே இல்லீங்க்கா."

"ஒத்த வார்த்த கூடயா? தனக்குத் தானேயாச்சும் பேசிப் பாக்கறதுதானே?"

"பயமா இருந்துச்சுங்க." பிசிறு தட்டிய குரல் இன்னும் தட்டியது. "ஆரோட கொரலாச்சும் வந்துட்டா, காய்ச்சல் விட்டதும் அதும் போயிருமே. அப்பறம் இந்த ரூம்பு முன்ன மாதிரி இருக்காதுங்களே."

யாருடைய குரலாக இருந்திருக்கும் என்று கலாமணியின் நெஞ்சு கணக்குப் போட ஆரம்பித்தது, அவளே அதை அடக்கினாள். மறுபடி ஆரம்பித்தது, மறுபடி அடக்கினாள். அறை அவ்வளவு சுத்தமாக இருந்ததும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அடுப்படியில் பாத்திரங்கள் கவிழ்த்துவைத்தபடியே காய்ந்து கிடந்தன.

"எப்பச் சாப்பிட்ட?"

தமயந்தி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

கலாமணி எழுந்து போய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள். கைப்பிடி அள்ளிக் கழுவினாள், அடுப்பைப் பற்றவைத்தாள்.

"அக்கா, நீங்க எதுக்குங்க்கா..."

"பேசாம உக்காரு. எனக்கு உன்னையப் புடிக்கல. எப்பவும் புடிக்காது." கஞ்சி கொதித்து மேலே வந்தது. அவள் மூடியை நகர்த்தினாள். "உப்பு எங்கடி வெச்சிருக்கற?"